எம்பார் பெஞ்சு

திருவள்ளூரில் மணவாள நகரைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டி இருந்த வார்ப்படக் கம்பெனியில் தலைசுற்றலுக்குத் தனியாக ஒரு பெயர் இருந்தது. முதல் நாள் வேலைக்கு வந்த எவனும் அதைக் கேட்டுத் திகைக்காமல் இருந்ததில்லை. உலைப் பக்கம் நின்றிருக்கும் கட்டுமஸ்தான ஆள் ஒருவன் சட்டென்று, "எனக்கு எம்பாரு வந்துடுச்சுப்பா" என்பான். கையிலிருந்ததைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுக் கதவோரம் போய் உட்கார்ந்துகொள்வான். யாரும் அவனை ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவனே எழுந்து வந்து வேலையைத் தொடர்வான். ஏதோ சாமி வந்து இறங்கிவிட்டது என்று நினைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்ட புது ஆட்களும் உண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், எம்பார் என்பவர் அதே கொட்டகையில், அதே நேரத்தில், அரைக்கைச் சட்டையும் நெற்றியில் நாமமுமாக உயிரோடு உலாவிக்கொண்டிருந்தார். அவர்தான் அங்கே சூப்பர்வைசர். தன் பெயரை ஒரு உடம்புக் கோளாறுக்கு வைத்துவிட்டார்களே என்று அவருக்குத் துளி வருத்தம் இல்லை. எப்படி இருக்கும்? வைத்ததே அவர்தான்.

எம்பார் வீரராகவப் பெருமாள் கோயில் மடைப்பள்ளிக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா சடகோபன், தாத்தா, அவருக்கு மேலே இருந்தவர்கள் எல்லோரும் பெருமாளுக்குப் பொங்கலும் புளியோதரையும் செய்தே காலம் தள்ளியவர்கள். அமாவாசைக் கூட்டத்துக்கு அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பார்கள். பிள்ளைகள் மூன்று பேர். கோயிலில் முறைபோட்டுக் கிடைக்கும் அடுப்பு வேலையோ இரண்டு பேருக்கே போதாது. மூன்றாவது பிள்ளையான எம்பார் பத்தாவது தேறி, டைப் அடிக்கவும் கற்றுக்கொண்டு, அறுபத்து நாலாம் வருஷம் கத்தரி வெயிலில் அந்தக் கம்பெனிக்குக் குமாஸ்தாவாகப் போய்ச் சேர்ந்தார். உலையில் எவ்வளவு பழைய இரும்பு போகிறது, எவ்வளவு கரி போகிறது என்று பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ள வேண்டிய வேலை. அடுப்பு முன்னால் நிற்பது நமக்குப் புதுசா என்று கம்பீரமாகத்தான் உள்ளே நுழைந்தார்.

உலையின் வாயைக் குத்தித் திறந்தார்கள். உருகிய இரும்பு தகதகவென்று ஓடி வந்து லேடிலில் இறங்கியது. லேடில் என்பது கனத்த இரும்பு வாளி. அதை நீளமான கம்பியில் மாட்டி, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவராகத் தூக்கிப் போய், தரையில் மண்ணால் செய்து வைத்திருக்கும் அச்சுகளில் ஊற்ற வேண்டும். எம்பார் பார்த்தது அதுவரைதான். வெப்பம் முகத்தில் அறைந்தது, கண் இருட்டியது, மனிதர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுந்தவர் வெறும் தரையில் விழுந்திருக்கக் கூடாதோ? தாவீது என்ற வார்ப்பு ஆள் காலையிலிருந்து மண்ணை இடித்து இடித்துச் செய்து வைத்திருந்த அச்சுகளின் மேல் விழுந்தார்.

தாவீது பட்டரைப்பெரும்புதூர்ப் பக்கத்து ஆள். அவன் அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஆலைக்கு வந்தவன் அவன். வேலையில் சூரன், பேச்சில் கஞ்சன். நொறுங்கிக் கிடந்த அச்சுகளையும் அவற்றின் மேல் கிடந்த குமாஸ்தாவையும் பார்த்தபோது அவன் முகத்தில் இருந்த கோபத்தைக் கண்டு, எம்பாருக்குத் தண்ணீர் தெளிக்க வந்தவனே தயங்கி நின்றானாம்.

அன்று மாலைக்குள் சேதி வீட்டுக்கு எட்டிவிட்டது. சடகோபன் சாதத்தைப் பிசைந்தபடி, "மடைப்பள்ளியில கறிகாய் நறுக்க ஆள் வேணும்னு சொல்லிண்டிருந்தா" என்று மட்டும் பொதுவாகச் சொல்லிவைத்தார். அது பாம்புக் கடியைவிட மோசமாக இருந்தது. எம்பார் ராத்திரி முழுக்கப் புரண்டார். போகாமல் இருந்துவிடலாம். போனால் எல்லாரும் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். சரி, எப்படியும் சிரிக்கத்தானே போகிறார்கள், அந்தச் சிரிப்பை நாமே ஆரம்பித்து வைத்தால் என்ன என்று விடியும்போது அவருக்குத் தோன்றியது.

மறுநாள் கொட்டகைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. எம்பார் நடுவில் போய் நின்று சொன்னார்: "எங்காத்துல தலைமுறை தலைமுறையா பெருமாள் அடுப்பு முன்னாடிதான் நின்னிண்டிருக்கா. ஒருத்தர்கூட விழுந்ததில்லே. அத்தனை பேர் விழ வேண்டியதையும் சேர்த்து நேத்திக்கு நானே விழுந்து முடிச்சுட்டேன். இனிமே எங்க வம்சத்துல யாரும் விழ வேண்டியதில்லே."

கொட்டகை குலுங்கியது. கரி அள்ளுகிறவன் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். தாவீது மட்டும் சிரிக்கவில்லை. அவன் மண்ணை இடித்துக்கொண்டே இருந்தான். எம்பார் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவனிடம் போய், நான் உடைத்ததற்கு நானே மண் சலித்துத் தருகிறேன் என்றார். மதியம்வரை சலித்தார். பூணூல் எது, மண் எது என்று தெரியாதபடி ஆகிவிட்டது.

சொல்ல வந்தது இதைத்தான். தன்னைத் தானே கேலி செய்துகொள்கிறவர்களில் பல ரகம் உண்டு. 'எனக்கு என்ன சார் தெரியும்' என்று நெளிந்துவிட்டு, இல்லையில்லை உங்களுக்கா தெரியாது என்று நாம் சொல்வதற்காகக் காத்து நிற்கிற ஜன்மங்கள் ஒரு ரகம். அவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செய்த தப்பைச் சிரிப்பில் மூடிவிட்டு நழுவுகிறவர்கள் இன்னொரு ரகம். எம்பார் இரண்டிலும் சேர்த்தி இல்லை. விழுந்ததற்குச் சிரித்தார், உடைத்ததற்கு மண் சலித்தார். இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை.

ஆட்களுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. "ஐயரே" என்று கூப்பிட்டார்கள். வைஷ்ணவனை ஐயரே என்று கூப்பிட்டது எங்கப்பா காதில் விழுந்தால் குளத்தில் போய் முழுகிவிட்டுத்தான் வருவார் என்று அவர் சொன்னதும், சாமி என்று மாற்றிக்கொண்டார்கள். தன் ஈர்க்குச்சிக் கை, தன் சாப்பாட்டு ஆசை, பஸ்ஸில் தூங்கித் திருத்தணிவரை போனது என்று எல்லாவற்றையும் அவர் கதையாக்கினார். ஒன்றை மட்டும் கவனித்தவர்கள் கவனித்திருப்பார்கள். அடுத்தவன் விழுந்ததை வைத்து அவர் ஒரு நாளும் கதை கட்டவில்லை.

ஓரிரண்டு வருஷத்தில் அவரை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அந்தக் கோடையில்தான் தணிகாசலத்துக்கு அது நடந்தது. தணிகாசலம் லேடிலின் பின்கம்பியைப் பிடிக்கிறவன். அன்று காலையிலிருந்தே அவனுக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து கம்பியைப் பிடித்தான். யாரிடமும் சொல்லவில்லை. அங்கே அப்படித்தான் வழக்கம். தலை சுற்றுகிறது என்று சொல்கிறவன் ஆம்பளை இல்லை. நாலு அடி வைத்ததும் கால் பின்னியது. லேடில் சாய்ந்து இரும்பு அவன் பாதத்தில் கொட்டியது. பிழைத்துக்கொண்டான். ஆனால் விரல்கள் போய்விட்டன. பிறகு அவனுக்கு வாயிற்காவல் வேலை கொடுத்தார்கள்.

எம்பார் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து வெகுநேரம் உலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே எல்லாருக்குமே தலை சுற்றுகிறது, ஆனால் அது என் ஒருவனுக்குத்தான் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போது உறைத்தது. இவ்வளவு நாளும் ஆட்களைச் சிரிக்க வைத்த அந்த விழுகையை இனி வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

பழைய ரயில் கட்டையில் ஒரு பெஞ்சு அறைந்து, காற்று வருகிற வடக்குக் கதவோரம் போட்டார். பக்கத்தில் ஒரு பானை நிறைய உப்புப் போட்ட நீர்மோர். "இது என் சொந்த பெஞ்சு. எனக்கு எப்போ வேணா தலை சுத்தும். நான் இல்லாதப்போ யாருக்காவது என் வியாதி வந்தா, எம்பார் வந்துடுத்துன்னு சொல்லிட்டு இதுல உக்காரலாம்" என்று அறிவித்தார். அன்றிலிருந்து இரும்பு ஊற்றுகிற நாள்களில், உலை வாயைத் திறப்பதற்கு முன்னால், சூப்பர்வைசர் எல்லார் கண்ணிலும் படும்படி அந்த பெஞ்சில் போய் உட்காருவார். ஒரு டம்ளர் மோர் குடிப்பார். எழுந்து, "எனக்கு ஆச்சு. இன்னும் யாருக்கு?" என்பார். ஆட்கள் சிரிப்பார்கள். சிரிப்போடு சிரிப்பாக, உண்மையிலேயே முடியாதவன் ஒருவன் நகர்ந்து வந்து உட்கார்ந்துகொள்வான். அவன் கம்பியை வேறொருவன் பிடிப்பான்.

அதே டம்ளரில்தான் எல்லாரும் குடித்தார்கள், எம்பாரும் குடித்தார். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. வீட்டில் சொல்லவில்லை.

ஆனால் பெயர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஒரு அமாவாசையன்று எம்பாரின் மனைவி வைஜயந்தி கோயில் குளத்துக்குப் போயிருந்தாள். உடம்பு நோவு தீர வேண்டிக்கொண்டு அங்கே வெல்லம் கரைப்பது வழக்கம். பக்கத்துப் படியில் கங்கம்மா என்று ஒருத்தி, கரி அள்ளுகிறவனின் பெண்சாதி, வெல்லக் கட்டியைத் தண்ணீரில் விட்டுவிட்டு, "எங்க ஊட்டுக்காரருக்கு இந்த எம்பாரு வராம நீதாம்பா பாத்துக்கணும்" என்று உருகி வேண்டிக்கொண்டாள். வைஜயந்தி வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கிய வேகத்தில் பாதித் தண்ணீர் சிந்திவிட்டது. ஆசார்யன் பெயரை வைத்தால் இப்படியா நாறடிப்பது என்று கேட்டாள். எம்பார் தணிகாசலத்தின் காலைப் பற்றிச் சொன்னார். பெஞ்சு போட்ட பிறகு ஒரு லேடிலும் சாயவில்லை என்பதையும் சொன்னார். அவள் சிந்திய தண்ணீரைத் துடைத்தாள். பிறகு, மோருக்குக் கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டால் தேவலை என்றாள்.

அந்த பெஞ்சில் உட்காராதவன் ஒரே ஒருவன்தான், தாவீது. லேடிலின் முன்கம்பி அவனுடையது. எம்பார் சொல்லும் எதற்கும் அவன் சிரித்ததில்லை. பெஞ்சுப் பக்கம் திரும்பியதுமில்லை. அவனுக்கு இரும்பு உடம்பு என்று எல்லாரும் சொன்னார்கள். எம்பாரும் அதை நம்பினார்.

இப்படியே வருஷங்கள் ஓடின. நன்றாகப் போகிற விஷயம் ஒன்று இருந்தால் அதை அளவு மீறிச் செய்து கெடுத்துக்கொள்வது மனித சுபாவம். எம்பாரின் நாக்கும் பழகிப் போய்விட்டது. உடம்பைப் பற்றிச் செய்த கேலி மெள்ள வேலைக்கும் பரவியது. நான் சொன்ன பக்குவமா, அப்போ தப்பாத்தான் இருக்கும் என்பார். என் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சாமான் திரும்பி வராமல் இருந்தால் அதிசயம் என்பார். உண்மையில் அவர் அனுப்பிய சாமான் அநேகமாகத் திரும்பி வந்ததே இல்லை. சொன்னால் சிரிப்பு வருகிறது, சொன்னார், அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசியில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் வரத் தொடங்கிய சமயம், கம்பெனி அங்கே ஒரு புதுக் கொட்டகை போட்டது. அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் எம்பார்தான் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். எம்பாருக்கும் உள்ளூர ஆசை இருந்தது. அந்தச் சமயத்தில் கிருஷ்ணஸ்வாமி என்று ஒரு புது மானேஜர் மதராஸிலிருந்து வந்தார். ஒரு நாள், பம்பு செட்டுக்கு வார்ப்படம் வாங்க வந்த பெரிய மனிதர் ஒருவரை அவர் கொட்டகைக்கு அழைத்து வந்தார். வந்தவர் ஓடுகிற இரும்பைப் பார்த்து, இந்தச் சூடு போதுமா என்று எம்பாரிடம் கேட்டார்.

போதும், இன்ன காரணத்தால் போதும் என்று சொல்ல எம்பாருக்குத் தெரியாதா? அவர் வாயில் வந்ததோ வேறு. "என்னையா கேக்கறேள்? அடுப்பைப் பார்த்தாலே விழறவன் நான். இது இரும்பா ரசமான்னே எனக்குச் சந்தேகம்" என்றார். பக்கத்தில் நின்ற ஆட்கள் வழக்கம்போலச் சிரித்தார்கள். வந்தவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

சாயங்காலம் கிருஷ்ணஸ்வாமி அவரைக் கூப்பிட்டனுப்பினார். "அந்த மனுஷர் கார்ல ஏறறச்சே என்ன கேட்டார் தெரியுமா ஓய்? வேலை தெரிஞ்சவர் வேற யாராவது இருக்காளான்னு கேட்டார்." கும்மிடிப்பூண்டிக்கு வேறு ஆளைப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். அந்த பெஞ்சு சமாசாரமும் அங்கே கிடையாது. பெஞ்சைப் போட்டால் உட்காரத்தான் தோன்றும் என்றார்.

எம்பார் கொட்டகைக்குத் திரும்பி வந்தார். வேலை முடிந்து தாவீது கை கழுவிக்கொண்டிருந்தான். புதுக் கொட்டகைக்கு முன்கம்பிக்காரனாக அவனை அனுப்புவது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. எம்பார் அவனிடம் நடந்ததைச் சொல்லி, கடைசியில் பழக்கதோஷத்தில், போகட்டும், நான் போனால் அந்தக் கொட்டகையும் விழுந்திருக்கும் என்று சேர்த்துக்கொண்டார்.

தாவீது துண்டால் கையைத் துடைத்தான். "நீ வுழுந்தத சொல்லி சிரி சாமி, அது உன்து. வேலைய சொல்லி ஏன் சிரிக்கிற? அது நீ மட்டுமா செய்ற? நீ சூடு பாத்து சொன்னாதான் நான் கம்பியத் தூக்கறேன். உனக்குத் தெரியாதுன்னா, நாங்கல்லாம் இத்தினி நாளா தெரியாதவன் பேச்ச கேட்டுக்கினா ஊத்தறோம்?"

அத்தனை வருஷத்தில் தாவீது சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அன்றுதான். எம்பாருக்கு முகம் சிவந்துவிட்டது. அவமானம் இல்லை; அதற்கும் கீழே எங்கேயோ சுட்டது. தன்னை மட்டும்தான் கிண்டல் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, தன் கையை நம்பி நெருப்பைத் தூக்குகிற அத்தனை பேரையும் சேர்த்துக் கிண்டல் செய்திருக்கிறோம் என்று அவருக்கு விளங்கியது. புதுக் கொட்டகைக்கு வரப்போகிறவர்கள் யார் என்பதும் நினைவுக்கு வந்தது. பொன்னேரி, கவரைப்பேட்டை வயல்களில் நேற்றுவரை ஏர் பிடித்தவர்கள். வெயில் அவர்களுக்குத் தெரியும், உலை தெரியாது. ஒவ்வொருத்தனும் தணிகாசலம் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான்.

மறுநாள் அவர் கிருஷ்ணஸ்வாமியின் அறைக்குப் போனார். மானேஜர் நாற்காலியில் சாய்ந்து, அடுத்த ஹாஸ்யம் என்ன என்பதுபோல் உதட்டோரம் ஒரு சிரிப்போடு பார்த்தார். எம்பார் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"அந்த இரும்பு போதுமான சூட்டுலதான் இருந்தது சார். அதை அவர்கிட்ட நேரே சொல்லாதது என் தப்பு. கும்மிடிப்பூண்டிக் கொட்டகையை நான் நடத்தறேன். எனக்கு அந்த வேலை தெரியும். ஆனா பெஞ்சு இல்லாம நடத்த மாட்டேன்."

கிருஷ்ணஸ்வாமி சிரிப்பை மடித்து வைத்தார். "எல்லாரும் உம்மைப் பார்த்துச் சிரிக்கறா. உம்ம பேச்சை எவன் ஓய் கேப்பான்?"

"சிரிக்கறவன் எங்கிட்ட வந்து முடியலேன்னு சொல்றான் சார். பயப்படறவன் சரி சரின்னு தலையை ஆட்டிட்டு மறைச்சுடறான். மறைச்சவனோட கால்தான் வாசல்ல காவல் உக்காந்திண்டிருக்கு."

மானேஜர் ஜன்னல் வழியாக வாயிலைப் பார்த்தார். தணிகாசலம் தடியை ஊன்றிக்கொண்டு ஒரு லாரிக்குக் கதவைத் திறந்துகொண்டிருந்தான். கிருஷ்ணஸ்வாமி கெட்டவர் இல்லை, அவசரக்காரர். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். புதுக் கொட்டகையில் முதல் ஊற்றை எம்பார் நடத்தட்டும். முதலாளியும் அந்தப் பம்பு செட்டுக்காரரும் பார்க்க வருவார்கள். அவர்கள் எதிரில் ஆட்கள் பெஞ்சில் போய் உட்கார்ந்து காரியம் நின்றுபோனால், பெஞ்சும் எம்பாரும் ஒரே லாரியில் திருவள்ளூர் திரும்ப வேண்டியதுதான். எம்பார் ஒப்புக்கொண்டார். தாவீதிடமும் சொல்லிவைத்தார்.

கும்மிடிப்பூண்டியில் அன்று காற்றே இல்லை. புதுக் கொட்டகையின் கூரைத் தகடு தணிவாக இருந்ததால் வெக்கை தலைமேலேயே நின்றது. முதலாளி, பம்பு செட்டுக்காரர், கிருஷ்ணஸ்வாமி மூவரும் நாற்காலி வேண்டாம் என்று சொல்லி ஒரு பக்கமாக நின்றிருந்தார்கள். புது ஆட்கள் சுவரோரம் விறைப்பாக நின்றார்கள். யாருக்கும் யாரோடும் பழக்கம் இல்லை. சிரிப்பு என்கிற பேச்சுக்கே இடமில்லை. தாவீது முன்கம்பியைப் பார்த்தபடி நின்றான். அவனுக்குப் பின்கம்பி அரசப்பன் என்ற புது ஆள், முந்தின மாதம்வரை கதிர் அறுத்தவன்.

உலை தயாராகிவிட்டது. எல்லாரும் எம்பாரைப் பார்த்தார்கள். கதவோரம் ரயில் கட்டை பெஞ்சு இருந்தது. இன்று ஒரு நாள் உட்காராமல் விட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. உட்கார்ந்தால் பெரிய மனிதர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். எம்பார் நேராக நடந்து போய் பெஞ்சில் உட்கார்ந்தார். மோரை மொண்டு, அவசரப்படாமல் குடித்தார். "திருவள்ளூர்ல உலைக்கு முன்னாடி முதல்ல விழுந்தவன் நான். அதனால எனக்கு முதல் இடம். எனக்கு ஆச்சு. இன்னும் யாருக்கு?" என்று கொட்டகை முழுக்கக் கேட்கும்படிச் சொன்னார்.

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. கிருஷ்ணஸ்வாமி தரையைப் பார்த்தார். எம்பார் எழுந்தார். அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சு வரவில்லை. திற என்றார், திறந்தார்கள். சூட்டைப் பார்த்து, போதும் என்றார். தாவீதும் அரசப்பனும் முதல் லேடிலைத் தூக்கிப் போய் ஊற்றினார்கள். இரண்டாவது, மூன்றாவது. பம்பு செட்டுக்காரர் கிட்டே வந்து, சூடு எப்படி என்று அதே கேள்வியைக் கேட்டார். இந்த அளவு சூடு இல்லாவிட்டால் மெல்லிய இடங்களில் இரும்பு போய்ச் சேராது, இதற்கு மேல் போனால் மண் உருகி ஒட்டும் என்று எம்பார் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னார். வந்தவர் தலையசைத்தார்.

பாதி அச்சுகள் நிரம்பியிருந்தன. லேடிலில் மறுபடி இரும்பு இறங்கிவிட்டது. தூக்க வேண்டியதுதான். தாவீது கம்பியின் மேல் கையை வைத்தான். வைத்த கையை எடுத்தான். ஒரு அடி பின்னால் நகர்ந்து நிமிர்ந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்:

"சாமி, எனக்கு எம்பாரு வந்துடுச்சு."

கொட்டகையில் உலையின் இரைச்சல் மட்டும் கேட்டது. முதலாளியின் முகம் கிருஷ்ணஸ்வாமியின் பக்கம் திரும்பியது எம்பாருக்குத் தெரிந்தது. ஆனால் அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "போய் உக்காரு" என்றார். மாற்று ஆள் ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முன்கம்பியில் நிறுத்தினார். இரும்பு ஆறுவதற்குள் லேடில் எழும்பியது, ஊற்று தொடர்ந்தது. சற்றுக் கழித்து, இவ்வளவு பெரிய ஆளே போய் உட்கார்ந்துவிட்டான் என்ற தைரியத்தில் அரசப்பனும், "எனக்கும் அது வந்துடுச்சுங்க" என்றான். அவன் இடத்திலும் ஆள் மாற்றினார். கடைசி அச்சுவரை ஒரு துளி சிந்தவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு கிருஷ்ணஸ்வாமி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். பெஞ்சைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் கதவண்டை தள்ளிப் போடும் ஓய், காத்து வரும்" என்று சொல்லிவிட்டு, பெரிய மனிதர்களோடு வெளியே போனார்.

தாவீது இன்னும் பெஞ்சிலேயே இருந்தான். முழங்கைகளைத் தொடையில் ஊன்றியிருந்தான். எம்பார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நிஜமாகவே வந்ததா, அல்லது புது ஆட்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று சொன்னாயா என்று கேட்டார்.

"இத்தினி வருசமா வந்துக்கினுதான் இருக்குது சாமி. சொன்னதுதான் இன்னிக்கு" என்றான் தாவீது. "நீ மொத மொத வுழுந்தியே, அன்னிக்கும் எனக்குத் தலை சுத்திக்கினுதான் இருந்துச்சு. நீ வுழுந்துட்ட. நான் பல்ல கடிச்சிக்கினு நின்னுட்டேன். அதான் உம்மேல அவ்ளோ கோவம்."

"பின்னே இத்தனை நாளா ஏன் உக்காரலே?"

"அங்க நீ உக்காந்தா நம்ம ஆளுங்க சிரிப்பாங்க. சிரிக்கிற எடத்துல உக்கார இன்னா தைரியம் வேணும், சும்மா வெளையாட்டுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இன்னிக்கு ஒருத்தனும் சிரிக்கல. இந்த எடம் போவும்னு தெரிஞ்சிக்கினே போய் உக்காந்த பாரு."

எத்தனை ஊற்று நாள்கள், எத்தனை லேடில்கள், அத்தனையையும் இவன் கண் இருட்டிக்கொண்டு தூக்கியிருக்கிறான், நான் பக்கத்தில் நின்று இரும்பு உடம்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது எம்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒளித்துக்கொள்ளவும் இல்லை. மோரை மொண்டு அவனிடம் நீட்டினார்.

தாவீது ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். அவர் முகத்தை ஒருமுறை பார்த்தான். "இன்னாத்துக்கு சாமி அழுவுற? மறுபடியும் எவன் அச்சுமேலனா வுழுந்துட்டியா?" என்றான்.

சொல்லிவிட்டு அவனே முதலில் சிரித்தான். எம்பாரும் சிரித்தார். சுவரோரம் நின்ற புது ஆட்கள், எதற்கென்று தெரியாமலே, அவர்களோடு சேர்ந்து சிரிக்கத் தொடங்கினார்கள்.